ஏழாம் குழியின் பச்சைத் திட்டு

1

இந்த வருசம் மார்ச் மாசம் நான் ஒருத்தன் ரெண்டு கடிதம் எழுதினன். ரெண்டும் ஒரே ஆக்களுக்கு, ஒரே விசயத்தைப் பத்தி. ரெண்டுக்கும் கீழ என்ட கையெழுத்து. ஒண்டில "பழசுதான் நல்லம், கை வெக்காதீங்க" எண்டு இருந்திச்சு. மற்றதில "புதுசுதான் நல்லம், சுணங்காமச் செய்யுங்க" எண்டு இருந்திச்சு. கூட்டத்துக்குப் போகக்குள்ள ஒண்டைக் கோட்டுட வலப்பக்கப் பொக்கட்டுலயும் மற்றதை இடப்பக்கத்துலயும் வெச்சுக்கிட்டுப் போனன். வேற ஆராவது இப்பிடிச் செஞ்சிருந்தா, "இவனுக்கு நட்டுக் கழண்டுட்டு" எண்டு நானே சொல்லிச் சிரிச்சிருப்பன்.

என்ட பேர் றிஸ்வி. சாய்ந்தமருதுக்காரன். இப்ப இருக்கிறது ஸ்கொட்லாந்தின்ட கிழக்குக் கரையில, பேர் சொன்னாலும் உங்களுக்கு விளங்காத ஒரு சின்ன டவுன்ல. வீட்டில மூணு பேர்: நான், மனைவி பரீதா, பதினஞ்சு வயசு மகள் ஹனா. பரீதா வயசாளிகளைப் பார்க்கிற இல்லமொண்டில வேலை. அவட வேலையிலதான் நாங்க இஞ்ச வந்தம். எனக்கு வேலை கோல்ஃப் மைதானத்துல புல்லுப் பார்க்கிறது. ஓம், புல்லுத்தான். ஊருக்குப் போனா கூட்டாளிமார் "என்ன மச்சான் வேலை?" எண்டு கேட்பாங்க. "புல்லு வெட்டுறன்" எண்டா "பகடி உடாத" எண்டுவாங்க. பதினொரு வருசமா இந்தப் பகடிதான் எங்கட வீட்டில சோறு போடுது.

மார்ச்சில வந்த பிரச்சின இதுதான். எங்கட மைதானம் நூறு வருசத்துக்கும் மேல பழசு. அதை உடைச்சு, நிலத்துக்கு அடியால பைப் போட்டு, மேடு பள்ளம் எல்லாத்தையும் திருத்திப் புது மாதிரிக் கட்டுவமா, இல்லாட்டி இருக்கிறபடி உடுவமா எண்டு கிளப் அங்கத்தவர்கள் வோட்டுப் போடப் போறாங்க. புதுசு வந்தா தண்ணிக்குப் பொறுப்பான ஆளா என்னைப் போடுறதாச் சொல்லியிருந்தாங்க. பழசு இருந்தா நாலு பேருக்குச் சம்பளம் குடுக்க வழியில்ல, ரெண்டு பேர்தான் மிச்சம். கடைசியா வேலைக்குச் சேர்ந்தவன் நான். அப்ப வேலை போறதும் எனக்குத்தான்.

"பிறகென்ன யோசினை? புதுசுக்கு எழுதிட்டுப் படுங்களன்" எண்டா பரீதா. படுக்கத்தான் ஏலாமப் போயிட்டு.

2

கோல்ஃப் விளங்காதவங்களுக்கு ரெண்டு வசனம். கோழி முட்டையிலும் சின்ன வெள்ளைப் பந்தொண்டைத் தடியால அடிச்சு அடிச்சு, தூரத்துல இருக்கிற குழிக்குள்ள உழுத்தணும். பதினெட்டுக் குழி. குழியச் சுத்தி இருக்கிற, தலைமயிரைக் கட்டையா வெட்டினமாதிரியான புல்லுத் தரைக்குக் கிரீன் எண்டு பேர். என்ட சீவியம் அந்தக் கிரீனுக்கு மேலதான்.

நான் முதல்ல வேலை செஞ்சது கட்டார்ல. அஞ்சு வருசம். அது அசல் புது மைதானம். வெறும் மணல்காட்டுக்குள்ள, கொம்பியூட்டர்ல கீறின படத்தைப் பார்த்து, ட்ரக் ட்ரக்கா மண் கொட்டிச் செஞ்சது. பொழுது சாயக்குள்ள நிலத்துக்குள்ளால நூத்துக்கணக்கான பைப்புத் தலை எழும்பித் தண்ணி வீசும். குளம் எல்லாம் பிளாஸ்டிக் விரிச்சுக் கட்டினது. பச்சையெண்டாப் பச்சை, கண்ணுக்குள்ள குத்துற பச்சை. ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு மஞ்சள் தெரிஞ்சாலும் சுப்பவைசர் வந்து நாய்ப்பேச்சுப் பேசுவான்.

ஆனா ஒண்டு சொல்லணும். அந்த மைதானத்துல ஒரு நீதி இருந்திச்சு. ஒழுங்கா அடிச்சவன்ட பந்து ஒழுங்கான இடத்துல போய் நிக்கும். பிழையா அடிச்சவன்ட பந்து தண்ணிக்குள்ள போகும். வயசானவருக்கு ஒரு இடத்துலயிருந்து அடிக்கலாம், வாலிபனுக்கு இன்னொரு இடம், பொம்புளைகளுக்கு வேற. எல்லாரையும் யோசிச்சுத்தான் படம் கீறியிருந்தாங்க.

இஞ்ச இருக்கிற பழைய மைதானத்தை ஆரும் கீறல்ல. கடலுக்குப் பக்கத்துல மணல் மேடு. காத்து கொஞ்சம் செஞ்சிருக்கு, ஆடு கொஞ்சம் மேஞ்சிருக்கு, முயல் கொஞ்சம் தோண்டியிருக்கு. அதுக்குள்ள பதினெட்டுக் குழியத் தோண்டிட்டு "இந்தா மைதானம்" எண்டு உட்டுட்டாங்க. முதல் நாள் வந்து பார்த்திட்டு, மாடு மேயிற, திருத்தாத தரவைக்கு என்னைக் கூட்டி வந்திட்டாங்க எண்டுதான் நினைச்சன். இஞ்ச நீங்க வானத்துல இருந்து இறங்கின மலக்கு மாதிரி அடிச்சாலும், கண்ணுக்குத் தெரியாத சின்ன மண்மொட்டி ஒண்டில பந்து பட்டு, திசை கிறுகி, ஆள் ஆழத்துக் கிடங்குக்குள்ள போய் உழும். அடிச்ச கிழவன் வானத்தைப் பார்த்துச் சிரிச்சிட்டு, கிடங்குக்குள்ள இறங்கி மணலை வாரிக்கிட்டு நிப்பான். கட்டார்ல எண்டா ஒபிசுக்குப் போய் முறைப்பாடு குடுத்திருப்பான்.

எது நல்லம்? தெரியா. பழசுக்குத் தண்ணி தேவையில்ல, உரம் தேவையில்ல, டவுன் ஆக்கள் நாயைக் கூட்டிக்கிட்டு குறுக்கால நடந்து கடலுக்குப் போவாங்க, ஆரும் மறிக்கிறதில்ல. அதுவும் ஒரு நீதிதானே. சரி பழசுதான் எண்டு முடிவெடுத்திட்டுத் திரும்பினா, கிடங்குக்குள்ளயிருந்து ஏற ஏலாம ரெண்டு பேர்ட கையப் புடிச்சுக்கிட்டு வாற வயசாளியக் காணுவன். மறுகா புதுசு நல்லமாத் தெரியும்.

3

நான் செஞ்ச அழிச்சாட்டியத்தைச் சொல்லாம இந்தக் கதைய மேல கொண்டு போக ஏலாது.

வந்த முதல் கோடை. மூணு கிழமையா மழையில்ல. புல்லு மஞ்சளாகி, மண்ணிறமாகி, வைக்கலாட்டம் போயிட்டு. எங்களுக்கு வீரமுனைக்கு அங்கால கொஞ்சம் வயல் இருந்திச்சு, வெளிநாடு வர முன்ன நான்தான் வெள்ளாமை செஞ்சன். தண்ணி இல்லாமப் பயிர் மஞ்சளாகிறதை ஒரு தரம் பார்த்தவனுக்கு அந்த நிறத்தைக் காண ஏலாது. அதுக்கு மேல கட்டார் சுப்பவைசர்ட சத்தம் காதுக்குள்ள. எங்கட புல்லு வேலைக்குத் தலைவி மொய்ராக்கிட்டப் போய், "மேடம், புல்லுக்குத் தாகம்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னன். மொய்ரா என்னை விடப் பத்து வயசு குறைஞ்சவ, அளந்துதான் கதைப்பா. "தாகமில்ல. உறங்குது. உடு" எண்டா.

எனக்கு மனம் கேட்கல்ல. ஒரு நாள் சுபஹுத் தொழுதிட்டுப் பார்த்தா வெளிய நல்ல வெளிச்சம். கோடையில இஞ்ச சூரியனுக்கு உறக்கமே இல்ல. நேரா மைதானத்துக்குப் போய், மெசின் கழுவுற பைப் மூணை ஒண்டோடொண்டு பொருத்தி, சாமான் கொட்டிலுக்குக் கிட்ட இருக்கிற ஏழாம் குழிக் கிரீனுக்கு இழுத்துக்கிட்டுப் போய்த் தொறந்து உட்டன். தண்ணி உட்ட பக்கத்தால ஓடிப் போகுது. தண்ணி ஓடிப் போனா வெள்ளாமைக்காரன் என்ன செய்வான்? மண்வெட்டிய எடுத்தன். கிரீனைச் சுத்தி அழகா வரம்பு கட்டினன். மூலைக்கு மூலை காலால மிதிச்சு இறுக்கி, பூச்சுப் பூசினமாதிரித் தடவியும் உட்டன். அஞ்சு நாள் இப்பிடி. வேலைக்கு ஆக்கள் வர முன்ன தண்ணிய வடிச்சு, வரம்பையும் தட்டி மட்டமாக்கிட்டு, ஒண்டும் தெரியாதவனாட்டம் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிப்பன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை, பெரிய போட்டி. அண்டைக்கு எனக்கு உறக்கம் கூடிப் போயிட்டு. நான் போய்ச் சேரக்குள்ள மொய்ரா வரம்புக்கு மேல இடுப்பில கைய வெச்சுக்கிட்டு நிக்கிறா. முந்தின நாள் பொழுதுபட்டாப் பிறகு வரம்பு கட்டித் தொறந்த பைப்பைப் பூட்ட மறந்து, கிரீன் முழுக்க முழங்கால் அளவு தண்ணி. நடுவுல ஒரு கடல்காகம் நீந்துது. குழியில நட்டிருந்த கொடி மட்டும் வெளிய தெரியுது.

"உறங்கினவனை எழுப்பித் தண்ணிக்குள்ள முக்கிப் போட்டிருக்காய்" எண்டா மொய்ரா. சத்தம் போடல்ல. சத்தம் போட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். "நீ கெடுத்தாய், நீயே சரியாக்கு" எண்டா. வேலையில இருந்து நிப்பாட்டுவா எண்டு நினைச்சு வந்தவன், மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வரம்பை வெட்டி உடப் போனன்.

சரியாக்க ஏலாமப் போயிட்டு. அந்த ஈரத்துல வேற ஒரு புல்லு வந்து குடியேறிட்டு. மெத்தெண்ட, நல்ல பச்சைப் புல்லு. நாலு தொழுகைப் பாய் விரிச்ச அளவு. கோடை வந்தா முழுக் கிரீனும் மண்ணிறமாகும், அது மட்டும் பச்சையா நிக்கும். பந்து அதுக்குள்ள போனா வேகம் செத்துப் போகும். கிழவன்மார் நல்லா அடிச்ச பந்து குழிக்கு ஒரு சாண் முன்ன நிண்டுட்டா என்ட பேரைச் சொல்லித்தான் பேசுவாங்க. பதினொரு வருசமா அதைப் புடுங்கிப் பார்த்தன், மணல் போட்டுப் பார்த்தன், பட்டினி போட்டுப் பார்த்தன். மானம் கெட்ட புல்லு, போகவே இல்ல.

4

இந்த மைதானத்துல வேலை செய்யிறவங்கட புள்ளைகள் பின்னேரத்துல காசு குடுக்காம விளையாடலாம். ஹனா ஏழு வயசுல தொடங்கினா. பரீதாவுக்கு முதல்ல விருப்பமில்ல. "பொம்புளப் புள்ள, அந்தக் காத்துக்குள்ள, ஆம்புளையளுக்கு நடுவுல" எண்டு மூஞ்சைய நீட்டிக்கிட்டு இருந்தா. மறுகா, நீளக் கையும் நீளக் காற்சட்டையும் தலையில முக்காடும் போட்டு விளையாட ஏலுமெண்டு கண்டாப் பிறகு ஒண்டும் சொல்லல்ல. இப்ப ஹனா எங்கட டவுன் சிறுவர் அணியில ஆடுறா. என்னோட கதைக்கிறது குறைஞ்சிட்டு. கேட்டா "ஓம் வாப்பா", "இல்ல வாப்பா", "ஓகே வாப்பா". மூணு வசனத்துல என்ட புள்ளட தமிழ் முடிஞ்சிடும். அறைக் கதவைச் சாத்திட்டுக் கூட்டாளிமாரோட இங்கிலீசுல கதைக்கக்குள்ள கேளுங்க, மழை கொட்டின மாதிரிக் கதைப்பா.

எனக்கு எழுத்து இங்கிலீசு ஏலாது. கிளப்பில இருந்து வந்த படிவத்தை அவக்கிட்டத்தான் குடுத்தன். வேலை செய்யிறவங்களும் அதோட ஒரு பக்கக் கடிதத்துல அபிப்பிராயம் எழுதணும், வியாழனுக்கு முன்ன குடுக்கணும். கடைசியில ஒரு பெட்டி: "இந்தத் தீர்மானத்தால் உங்களுக்குத் தனிப்பட்ட நன்மை தீமை உண்டா? ஆம் / இல்லை." ஊர்ல கமநல நிலையத்துல உரத்துக்குப் படிவம் நிரப்பக்குள்ள எத்தினை ஏக்கர் எண்டுதான் கேட்பாங்க, மனுசன்ட மனசைக் கேட்க மாட்டாங்க. நான் அந்தப் பெட்டிக்கு முன்னால அரை மணித்தியாலம் இருந்தன்.

"ஆம் எண்டு போடுங்க வாப்பா" எண்டா ஹனா.

"போட்டா, இவன் தனக்காக எழுதுறான் எண்டு நினைப்பாங்களே?"

"இல்ல எண்டு போட்டா அது பொய்தானே?"

ஆம் எண்டு போட்டன். முதல்ல புதுசுக்கு ஆதரவா நான் சொல்லச் சொல்ல அவ கொம்பியூட்டர்ல அடிச்சா. நிலத்தடிப் பைப், வயசாளிகளுக்கு ஏறி இறங்க லேசான பாதை, எல்லாருக்கும் தக்க இடம். வாசிச்சுக் காட்டினா. நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா என்னவோ களவெடுத்தவன் பொலிசுக்குக் குடுக்கிற வாய்மூலம் மாதிரி என்ட காதுக்குக் கேட்டிச்சு. "மற்றப் பக்கத்தையும் ஒருக்கா அடி புள்ள" எண்டன். பழசுக்கு ஆதரவா ஒண்டு. தண்ணி வீணாகாது, ஆரும் நடக்கலாம், காத்து செஞ்சதை மனுசன் செய்ய ஏலாது. அதையும் வாசிச்சா. அது இன்னும் நல்லா இருந்திச்சு. ஆனா அதுல ஒரு பொய் இருந்திச்சு: கோடையில அந்த மண்ணிறத்தைக் கண்டா இப்பவும் என்ட கை தண்ணிப் பைப்பைத் தேடும்.

ஹனா முதல்ல சிரிச்சா. மறுகா சிரிக்கல்ல. "வாப்பா, நீங்க எதை நம்புறீங்க?"

"அதைத்தானே நானும் தேடுறன்."

அவ ரெண்டையும் அச்சடிச்சுத் தந்திட்டு எழும்பிப் போயிட்டா. எட்டு வருசமா அந்த மைதானத்துல விளையாடுற புள்ளைக்கிட்ட "உனக்கு எது விருப்பம்?" எண்டு ஒரு சொல்லுக் கேட்கல்ல நான். அந்த நேரம் அது என்ட மண்டையில உறைக்கவே இல்ல.

5

பரீதாட கூடப்பிறந்த நானா நௌபர், எனக்கு மச்சான். எங்கட வயல் கிடக்கிற வெளிக்கு வட்டை எண்டு பேர்; அந்த வட்டைக்கு அவர்தான் வட்டவிதானை; ஆருக்கு எப்ப தண்ணி எண்டு பங்கு போட்டு உடுற பொறுப்பு அவர்ட தலையில. வட்ஸ்அப்புல எடுத்து விசயத்தைச் சொன்னன்.

"புல்லுக்கு வோட்டா?" எண்டு சிரிச்சார். "இஞ்ச நம்மட வட்டையில போன போகம் லேசர் மெசின் கொண்டந்து மட்டம் அடிச்ச. கோணல் வரம்பெல்லாம் போயிட்டு. இப்ப மேசை மாதிரி இரிக்கி."

"நல்லமா மச்சான்?"

"நல்லந்தான். வெட்டுற மெசின் ஒரே ஓட்டமா ஓடுது. தண்ணியும் மிச்சம்."

"அப்ப புதுசுதான் சரி எண்டுறீங்க."

"அப்பிடிச் சொல்லவும் ஏலா. மட்டம் அடிச்சாப் பிறகு ஆர்ட காணி எங்க முடியிது எண்டு ஆருக்கும் விளங்குதில்ல. கிழமைக்கு ஒரு சண்டை. முந்தி அந்தக் கோணல் வரம்பைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாமே?"

"மச்சான், எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"நான் என்ன முடிவு சொல்ற? நீங்க கடைசிக் காணிக்காரன். நீங்கதான் முதல்ல கதைக்கணும்" எண்டிட்டு, ஆரோ கூப்பிடுறாங்க எண்டு போனை வெச்சிட்டார்.

அது எங்கட வட்டையில ஒரு வழக்கம். போகம் தொடங்க முன்ன நடக்கிற ஆரம்பக் கூட்டத்துல, வாய்க்காலின்ட கடைசியில காணி இருக்கிறவன்தான் முதல்ல கதைப்பான். தண்ணி கடைசியா வாறது அவனுக்குத்தான், சில நேரம் வராமலும் போகும். மதகுக்குக் கிட்டக் காணி வெச்சிருக்கிற பெரிய ஆக்கள் அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும். என்ட காணிதான் கடைசி. ஒவ்வொரு போகமும் முதல்ல எழும்பிக் கதைச்சவன் நான். அந்த நாளையில எனக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு: தண்ணி.

6

கூட்டம் கிளப்ட பெரிய மண்டபத்துல. சுவர் முழுக்க மரப் பலகை, அதுல தங்க எழுத்துல வென்றவர்கள்ட பேர், தலைவர்மார்ட பேர். வெளிய போனா, குந்தி இருக்கிற ஒவ்வொரு வாங்கிலயும் மௌத்தாகி மண்ணுக்குப் போனவங்கட பேர் வெட்டியிருக்கும். நான் கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பொக்கட்டிலயும் ரெண்டு கடிதத்தோட மொய்ராவுக்குப் பக்கத்துல இருந்தன். படிவத்தை மட்டும்தான் வியாழனுக்கு முன்ன குடுத்திருந்தன். கடிதத்தைக் கூட்டத்துல வாசிக்கிறன் எண்டு சொல்லித் தப்பியிருந்தன்.

கிளப் தலைவர் ஓய்வு பெற்ற பல் டொக்டர். புதுசுக்கு ஆதரவு. "ஏழாம் குழி மாதிரிச் சொத்தைப் பல்லை வெச்சுக்கிட்டு எத்தினை காலம் இருக்கிறது? புடுங்கிட்டுப் புதுசு கட்டுவம்" எண்டு தொடங்கினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க.

மறுகா கன வருசமா அங்கத்தவரா இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா எழும்பினாங்க. ஒருத்தர் பழசு எண்டார், அடுத்தவர் புதுசு எண்டார். நானும் ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டினன். கடைசியில டொக்டர், "றிஸ்வி, நீங்க?" எண்டார்.

எழும்பினன். வலக் கை வலப் பொக்கட்டுல, இடக் கை இடப் பொக்கட்டுல. ரெண்டும் வெளிய வரல்ல. நூறு பேர் பார்க்கிறாங்க. யா அல்லாஹ் எண்டு நினைச்சுக்கிட்டு, வாயில வந்ததைச் சொன்னன்: "எங்கட ஊர்ல, வாய்க்காலுக்குக் கடைசியில காணி உள்ளவன்தான் முதல்ல கதைப்பான். ஏனெண்டா அவனுக்குத்தான் தண்ணி பிந்தி வரும். இஞ்ச அந்த ஆக்கள் பின்னுக்கு நிக்கிறாங்க." கதவடியில வோட்டு இல்லாம நிண்ட சிறுவர் அணிப் புள்ளைகளைக் காட்டினன். உண்மையச் சொல்றன், நேரம் கடத்தத்தான் அதைச் சொன்னன். ஆரும் கதைக்க வருவாங்க எண்டு நினைக்கல்ல.

ஹனா முன்னுக்கு வந்தா.

முக்காட்டைச் சரியாக்கிட்டு டொக்டரைப் பார்த்தா. "இந்த மைதானத்தைச் செஞ்சவங்க, என்னை மாதிரி ஒரு பொம்புளப் புள்ள வருவா எண்டு யோசிக்கவே இல்ல. நாங்க பந்தடிக்கத் தொடங்குற இடம், பாதையோரத்துல ரெண்டு கட்டையக் குத்தி உட்டது. மழை பெஞ்சா வழுக்கும். புதுப் படத்துல எங்களுக்கு ஒழுங்கான மேடை இருக்கு. அதை நான் பார்த்தன். எனக்கு அது வேணும்" எண்டா.

டொக்டர் சந்தோசமாத் தலையாட்டினார். ஹனா நிப்பாட்டல்ல.

"ஆனா ஏழாம் குழியில ஒரு பச்சைத் திட்டு இருக்கு. நீங்க எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. அது என்ட வாப்பா செஞ்சது. அதுக்குள்ள பந்து போனா எவ்வளவு மெதுவாகும் எண்டு எனக்குத் தெரியும். வெளியூர்ல இருந்து வாற ஆக்களுக்குத் தெரியாது. நான் வென்ற மூணு போட்டியும் அந்த இடத்துலதான் வென்ற." சுவர்ல இருந்த பலகைகளைப் பார்த்தா. "உங்க எல்லாருக்கும் இஞ்ச ஒரு பேர் இருக்கு. இந்தப் பலகையில, வெளியில வாங்கில, கோப்பையில. எங்களுக்கு இஞ்ச இருக்கிறது அந்தப் பச்சைத் திட்டு மட்டும்தான்."

எனக்கு எங்க பார்க்கிற எண்டு தெரியல்ல, சப்பாத்தைப் பார்த்தன். பதினொரு வருசமா நான் ஒளிச்சுத் திரிஞ்ச வெக்கத்தை என்ட புள்ள நூறு பேருக்கு முன்னால எடுத்துத் தன்ட சொத்தெண்டு சொல்லிட்டா. அழுகையா வந்திச்சு. அழல்ல, மூக்கை மட்டும் உறிஞ்சினன்.

"அப்ப புதுசுக்கா, பழசுக்கா?" எண்டு கேட்டார் டொக்டர்.

"தெரியா" எண்டா ஹனா. "எனக்குத்தான் வோட்டு இல்லையே."

என்ட புள்ளதான், சந்தேகமில்ல. நான் ரெண்டு கடிதத்தையும் எடுத்து டொக்டர்ட மேசையில வெச்சிட்டு இருந்திட்டன். அவர் ஒண்டை வாசிச்சார், மற்றதை வாசிச்சார், கண்ணாடியக் கழட்டி என்னைப் பார்த்தார். வோட்டு எடுத்தாங்க. கொஞ்ச வோட்டு வித்தியாசத்துல புதுசு வென்றிட்டு.

7

கோடை முடிஞ்சு, போட்டிகளும் முடிஞ்சாப் பிறகு வேலை தொடங்கிச்சு. நான் இப்ப தண்ணிக்குப் பொறுப்பு. எனக்கெண்டு ஒரு டப்லட் தந்திருக்காங்க, விரலால தொட்டாத் தண்ணி வரும், தொட்டா நிக்கும். பரீதாவுக்கு நல்ல சந்தோசம். ஊருக்கு எடுத்து, "இவருக்கு இப்ப பெரிய வேலை" எண்டு நௌபர் மச்சானுக்குச் சொல்லியிருக்கா. எனக்கும் சந்தோசந்தான் எண்டு நினைக்கிறன். காலம்பற எழும்பக்குள்ள இருக்கு, பின்னேரம் தேடினாக் காணல்ல.

பைப் வேலை சாமான் கொட்டிலடியில இருந்து தொடங்கினதால, ஏழாம் குழிதான் முதல் பலி. அதைப் பார்க்கிற பொறுப்பும் எனக்குத்தான். கம்பனி ஆள் வெள்ளைப் பெயின்ட் போத்தலைக் கையில தந்து, "எதை எடுக்கணுமோ அதைச் சுத்திக் கோடு போடு" எண்டான். பதினொரு வருசம் புடுங்கப் பார்த்த புல்லு. இப்ப ஒரு கோடு போட்டாச் சரி, மெசின் அள்ளிக்கிட்டுப் போயிடும். நான் போத்தலோட திட்டைச் சுத்தி நடந்து பார்த்தன், கோடு போடல்ல.

ஏழாம் கிரீனுக்குப் பக்கத்துலதான் எட்டாம் குழிக்குப் பந்தடிக்கத் தொடங்குற இடம். புதுப் படத்தில அங்க பொம்புளப் புள்ளைகளுக்கெண்டு ஒரு மேடை இருக்கு. மண் கொட்டி, மட்டம் பார்த்து, மேல புல்லு விரிக்க ஆயத்தமா இருந்திச்சு. அதுக்குக் கம்பனி வேற இடத்துல இருந்து புல்லுப் பாய் கொண்டு வரும் எண்டு எழுத்துல இருக்கு.

போன சனிக்கிழமை காலம்பற, கம்பனி ஆக்கள் வர முன்ன, நானும் ஹனாவும் போனம். அவவை நான் கூப்பிடல்ல. சப்பாத்தைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிண்டா. பச்சைத் திட்டை நாலு விரல் கனத்துல துண்டு துண்டா வெட்டிச் சுருட்டினன். ஒவ்வொரு சுருளிலயும் ஒரு முனையை அவ புடிச்சா, மற்ற முனையை நான். "பாரமா இருக்கு வாப்பா" எண்டா. "பதினொரு வருசத்துத் தண்ணி இருக்கு அதுக்குள்ள" எண்டன். மேடையில விரிச்சம், மிச்சத்துக்குக் கம்பனிப் புல்லு வரட்டும் எண்டு உட்டுட்டம். நடுவுல அவ ஏறி நிண்டு, தடி இல்லாமலே கைய வீசிப் பார்த்தா.

"இது படத்துல இருக்கா?"

"இல்ல."

"ஆரும் கேட்டா?"

"தண்ணிக்குப் பொறுப்பு நான்தானே" எண்டன். அது கேள்விக்கு மறுமொழி இல்லையெண்டு எனக்கும் தெரியும், அவக்கும் தெரியும்.

புதுசா வெச்ச புல்லுக்குத் தண்ணி ஊத்தத்தான் வேணும், அதுல பழசு புதுசு இல்ல. டப்லட்ல அந்த மேடைக்கு இன்னும் பைப் வரல்ல. பழைய பைப்பை இழுத்து வந்து தொறந்து உட்டன். தண்ணி சரிவால ஓடத் தொடங்கிச்சு. நான் யோசிக்கல்ல, சத்தியமா யோசிக்கல்ல. குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மண்ணை வழிச்சு, சுத்தி ஒரு சின்ன வரம்பு கட்டினன். ஹனாவும் குந்தி இருந்து, எதுக்கெண்டு கேட்காம, மற்றப் பக்கத்தால கட்டிக்கிட்டு வந்தா.

நிமிந்து பார்த்தா மொய்ரா நிக்கிறா, இடுப்பில கைய வெச்சுக்கிட்டு, அந்த முதல் கோடை மாதிரியே. வரம்பைப் பார்த்தா. எங்க ரெண்டு பேர்ட சேத்துக் கையையும் பார்த்தா.

"இந்த மூலையால ஒழுகுது" எண்டு சொல்லிட்டு, சப்பாத்துக் காலால அதை மிதிச்சு இறுக்கிட்டுப் போனா.